பாகு பார்க்கும் கை

காலை ஐந்தரை மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு. முந்தின நாள் நூற்றெட்டு. அதற்கும் முந்தின நாள் நூற்றுப் பதினாறு. என் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. தெரிந்த அன்று ஒரு மணி நேரம் அழுதேன். அதற்கு மேல் அழ நேரமில்லை, மறுநாள் காலை வேலை இருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் சட்டமாக்கிவிட்டேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு முட்டையோ மீனோ பருப்போ, மிச்சமிருக்கும் காலில்தான் சோறோ ரொட்டியோ எட்டிப் பார்க்கலாம். மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சாப்பிட்டதும் உட்காராமல் கால் மணி நேரம் நடை. இரத்தம் பார்க்க ஊசியை விரல் நுனியில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும், வலி குறைவு. இன்றைக்கு ஒரு விரல் என்றால் நாளைக்கு அடுத்த விரல். மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனையில் முதலில் ஒன்பதேகால் இருந்தது, அப்புறம் இறங்கி ஆறரைக்கு வந்து நின்றது. டாக்டர் என் நோட்டை வாங்கி, பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் காட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார். அன்று வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பது மிட்டாய்த் தொழிற்சாலையில். பாகு காய்ச்சும் கூடத்தில் பெரிய கொப்பரைக்கு நான்தான் பொறுப்பு. சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தண்ணீர் மூன்றும் கொப்பரைக்குள் போவதிலிருந்து, பதம் வந்த பாகை மேசைமேல் கொட்டுவதுவரை என் ராஜ்யம். சூடு காட்டும் முள் ஒன்று கொப்பரையில் இருக்கிறது. அதை மட்டும் நம்பி மிட்டாய் செய்தால் ஒரு நாள் பல்லில் ஒட்டும், ஒரு நாள் தீய்ந்து கசக்கும். நாங்கள் விரலை நம்புகிறவர்கள். காலடியில் எப்போதும் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கும். விரல்களை அதில் முக்கி, கண்மூடித் திறப்பதற்குள் கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு வழித்து, மறுபடி வாளிக்குள் விட வேண்டும். தண்ணீருக்குள் சொட்டு இறுகும். எடுத்து வளைத்தால் வளையாமல் டக்கென்று உடைய வேண்டும். உடைந்தால் அடுப்பை அணைக்கலாம். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அந்த வாய்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்.

குளுக்கோஸ் பாகையும் கையால்தான் அள்ளுவோம். கரண்டியில் எடுத்தால் கரண்டியை விட்டு வராது. கையை வாளியில் நனைத்துக்கொண்டு அள்ளினால் வழுக்கிக்கொண்டு விழும். ஆகவே ஷிப்டு முழுவதும் என் கை தண்ணீரில்தான் கிடக்கும். தொழிற்சாலையிலேயே சுத்தமான கை என்னுடையதுதான் என்று நான் பீற்றிக்கொள்வது வழக்கம்.

எனக்கு முன்னால் இந்தக் கொப்பரை என் அண்ணியுடையது. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர்தான் என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்தார். ஏழு வருஷம் அவருக்கு இடது பக்கம் நின்று தொழில் கற்றேன். அவருக்கும் சர்க்கரை உண்டு. அடுப்புக் கூடத்தில் அதற்கென்று ஒரு விதி இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு வாரம் ஒரு தடவை கம்பெனி நர்ஸ் இரத்தம் பார்ப்பார், மூன்று தடவை முந்நூறைத் தாண்டினால் கொதிக்கும் பாகுப் பக்கம் நிற்கக் கூடாது. மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்பார்கள். நான்கு வருஷத்துக்கு முன் அண்ணிக்குச் சர்க்கரை என்று தெரிந்த கையோடு மூன்று தடவை தாண்டியது. திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. இல்லவே இல்லை என்று சாதித்தவர், ஒரு நாள் திடீரென்று, ஆமாம் தின்றேன் என்று ஒத்துக்கொண்டார். மிட்டாய்க்குக் காகிதம் சுற்றும் பாக்கிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே போன முதல் வாரமே அளவு நூற்றிருபதுக்கு இறங்கிவிட்டது. அடுப்பை விட்டதும் வாயும் அடங்கிவிட்டது பார் என்று தொழிற்சாலை முழுக்கச் சிரித்தது. கொப்பரை எனக்கு வந்தது.

போன மாதம் வருடாந்திரச் சோதனையில் என் சர்க்கரையும் கம்பெனிக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து எனக்கும் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் அறை. நர்ஸ் சின்னப் பெண், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, வேலையில் கெட்டிக்காரி. முதல் புதன் சட்டமாகப் போய் உட்கார்ந்து விரலை நீட்டினேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, முறைப்படி குத்தினாள். முந்நூற்றுப் பதினெட்டு.

மிஷின் பழுது என்றேன். வேறு மிஷினில் போட்டாள். முந்நூற்றொன்பது. காலையில் வீட்டில் நூற்றுப் பத்து இருந்ததைச் சொன்னேன். ஒரு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் காய் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. அளவை எழுதிய அவளுடைய நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த புதன் முந்நூற்று நாற்பத்தொன்று. டாக்டரின் மூன்று மாதச் சோதனையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அது மூன்று மாதத்துக் கதை அக்கா, இன்றைக்கு மத்தியானம் என்ன நடந்தது என்று அதில் தெரியாது என்றாள்.

மானேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. தும்மினால்கூட ஒரு சுற்றறிக்கை வரும். அவர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு தடவை தாண்டினால் பாக்கிங் என்று மென்மையாகச் சொன்னார். மென்மையாகச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம். பேசிக்கொண்டிருக்கும்போது புடவைமேல் போடும் என் வேலைக் கவுன் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு மிட்டாய் வேறு கீழே விழுந்தது. அளவு திடீரென்று இறங்கிக் கை நடுங்கினால் வாயில் போட டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னவை. சுற்றறிக்கை மிட்டாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

வீட்டிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். மிஷின் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்றார். அப்படியானால் மிஷினையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்றேன். சிரித்தார். ஆனால் மறுநாள் காலை என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் என் பையைச் சோதிக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று என் மிஷினை வேலைக்கு எடுத்துப்போனேன். பதினொரு மணிக்கு வாளியில் கை அலம்பி, கவுனில் துடைத்து, நானே குத்திக்கொண்டேன். முந்நூற்று இருபத்தொன்பது. என் கை, என் மிஷின், அதில் செருகும் ஸ்ட்ரிப்பும் என்னுடையதுதான். எனக்கே தெரியாமல் தின்கிறேனா, பதம் பார்த்த விரலை நினைவில்லாமல் வாயில் வைக்கிறேனா என்றெல்லாம் யோசித்தேன். அன்று மாலைவரை என் கையின்மேல் நானே ஒரு கண் வைத்துக்கொண்டிருந்தேன். கை ஒரு தடவைகூட வாய்ப்பக்கம் போகவில்லை.

மூன்றாவது புதன் கொப்பரையின் குழாய் பழுதாகி அடுப்பு மூட்டவில்லை. கூடத்தைக் கழுவிவிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நர்ஸ் அறையில் நூற்றிருபத்தேழு. பார்த்தாயா என்று நான் எழுந்து நிற்க, பார்த்தீர்களா அக்கா என்று அவளும் அதையே சொன்னாள். பாகு இல்லாத நாளில் அளவு ஏறவில்லை. நான் தின்றதற்கு அவளுக்கு அது சாட்சி, தின்னாததற்கு எனக்கும் அதுவே சாட்சி, இரண்டும் எதிரெதிராக நின்றன. கையெழுத்துப் போட்டபோது, இன்றைக்குத்தான் உங்கள் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளவில்லை, போன இரண்டு தடவையும் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விட்டது என்று விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு விளையாட்டில் மனம் இல்லை.

சாப்பாட்டு அறையில் அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தார். பாக்கிங்குக்குப் போனதிலிருந்து வேலை நேரத்தில் என்னோடு அதிகம் பேச மாட்டார், வீட்டுக்கு வந்தால் மட்டும் தம்பி பெண்டாட்டி என்று உரிமையாகப் பேசுவார். அன்று டப்பாவைத் திறக்காமலே சொன்னார்.

"ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா கேக்குறதை விட்டுடுவாங்க."

"நான் திங்கலையே அண்ணி."

"நானும்தான் திங்கல."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் என் டப்பாவை மூடினேன். மேலே ஒன்றும் கேட்கத் துணிச்சல் வராமல், நடை நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போனேன். கால் மணி நேரம் நடக்க வேண்டியவள் அரை மணி நேரம் நடந்தேன்.

மறுநாள் குழாய் சரியாகி அடுப்பு மூட்டினோம். ஃபிட்டர் போகும்போது சூடு காட்டும் முள்ளின் கண்ணாடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். முள் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவரைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் மிட்டாய்க் கம்பெனியில் இருந்தும், ஸ்பிரிட்டில் சர்க்கரை கரையாது, தேய்க்கத் தேய்க்கப் பரவத்தான் செய்யும், தண்ணீர் போட்டுத் துடைத்தால்தான் போகும் என்பதுகூடத் தெரியாதா என்று கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். ஃபிட்டர் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினார்.

நான் வாளியைப் பார்த்தேன். காலையில் பிடித்த தண்ணீர். அதில் அதுவரை ஐம்பது தடவை கை விட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் விரலில் இருந்த பாகு எங்கே போயிருக்கும். கையைத் தூக்கி இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தேன். லேசாகப் பிடித்தது. பதினோரு வருஷமாகப் பிடிக்கிறது. எங்களுக்கு அது கையின் குணமாகவே ஆகிவிட்டதால் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. குளுக்கோஸைக் கையில் பூசிக்கொண்டு போய், என் இரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூடத்தில் உதவிக்கு இருந்தவளிடம் அடுப்பை விட்டுவிட்டுக் கழிப்பறைக் குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவைத்து, குத்தினேன். நூற்று முப்பத்து நான்கு. திரும்பி வந்து வாளியில் கையை முக்கி, கவுனில் துடைத்து, ஸ்பிரிட்டும் போட்டு, அடுத்த விரலில் குத்தினேன். முந்நூற்று இருபத்திரண்டு. இடையில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்தக் கொப்பரையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். நான் சொன்னது சரி. என் நோட்டு சரி, என் உடம்பு சரி.

சந்தோஷம் கூடத்தின் வாசல்வரைதான். வாசலுக்கு எதிரே பாக்கிங் பிரிவு. அண்ணி வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்து மிட்டாய்க்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு முனையையும் பிடித்து ஒரு திருகு, அடுத்தது, ஒரு திருகு, அடுத்தது. அவருடைய கையும் இந்த வாளியில்தானே கிடந்தது. பாக்கிங்குக்கு வந்ததும் அளவு இறங்கியது வாய் அடங்கியதால் அல்ல, கை காய்ந்ததால்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் சுற்றறிக்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடவே நிற்கிறீர்களே, அவர் தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் சொன்னது இது: "பார்த்ததில்ல சார். ஆனா இல்லன்னும் சொல்ல முடியாது." அவ்வளவுதான். பார்த்தேன் என்று பொய் சொல்லவில்லை. அதை வைத்துத்தான் நான்கு வருஷம் என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். அந்தப் பதிலுக்கு மறுவாரம்தான் அண்ணி ஒத்துக்கொண்டார்.

ஆறு நாள் இருந்தது. என் கொப்பரையைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: புதன்கிழமை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு போக வேண்டும். நூற்று முப்பது வரும். அடுத்த புதனும் வரும். அக்கா திருந்திவிட்டார் என்று நர்ஸ் சந்தோஷப்படுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. சொன்னால் என் பெயர் சுத்தமாகும், கூடவே அண்ணியின் பெயரும் சுத்தமாகும், அப்புறம் அந்தக் கொப்பரை யாருடையது என்று கேள்வி வரும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்தேன். சனிக்கிழமையும் அதே முடிவுதான். ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்கு வந்திருந்தார். கொஞ்சம் பழம் நறுக்கி வைத்தேன். நான்கு துண்டுதான் சாப்பிடலாம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வற்புறுத்தியபோது, யார் பார்த்தாலும் பேச்சு வரும், வேண்டாம் என்றார். என் வீட்டில், என் எதிரில், நான்கு துண்டுப் பழத்துக்கு. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அப்போது முடிவானது.

புதன்கிழமை பன்னிரண்டுக்கு வாளியையும் கையில் தூக்கிக்கொண்டு நர்ஸ் அறைக்குப் போனேன். மானேஜரை வரச் சொல்லியிருந்தேன், அண்ணியையும்தான். சுற்றறிக்கைக்குச் சர்க்கரை கிடையாது, அதை அவர் அடிக்கடி பெருமையாகச் சொல்லுவார். அவரிடம் வாளியில் கையை முக்கச் சொன்னேன். எதற்கு என்றார். மூன்று நிமிஷம் என்னை நம்புங்கள், இத்தனை நாள் நம்பாததுக்கு ஈடாக இருக்கட்டும் என்றேன். முக்கினார். துண்டில் துடைத்துக்கொண்டார். நர்ஸ் ஸ்பிரிட் போட்டு, காயவிட்டு, குத்தினாள். ஊசிக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது மிஷினில் முந்நூற்றிரண்டு.

மனுஷன் முகம் சுண்டிப்போய்விட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நர்ஸ் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயப்படாதீர்கள் சார், சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வாருங்கள், நோய் போய்விடும் என்றேன். கழுவினார், துடைத்தார், வேறு விரலில் குத்தினாள். நூற்று நான்கு. சர்க்கரை வந்து மூன்று நிமிஷத்தில் குணமான முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். நர்ஸ் என் பக்கம் திரும்பி, மன்னிச்சிருங்கக்கா, முதல்ல கையைக் கழுவச் சொல்லியிருக்கணும் என்றாள். அவள் கண் கலங்கியது. உன் மேல் தப்பில்லை, தண்ணீரிலேயே கிடக்கும் கையை யார் கழுவச் சொல்வார்கள் என்றேன். பிறகு நான் கழுவிவிட்டு வந்து விரலை நீட்டினேன். நூற்று இருபத்தொன்பது.

சுற்றறிக்கைக்கு உயிர் வந்தது. இனிமேல் சோதனைக்கு முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று இன்றே சுற்றறிக்கை போடுகிறேன் என்றார். கொப்பரையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

நான் நர்ஸிடம் நான்கு வருஷத்துக்கு முந்தைய நோட்டை எடுக்கச் சொன்னேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள். அண்ணி கையெழுத்துப் போட்டிருந்த பக்கங்கள் மூன்றும் அடுத்தடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தபோது காகிதம் கிழிந்தது. பாக்கிங்குக்குப் போன பிறகு போட்ட கையெழுத்துகள் ஒன்றும் ஒட்டவில்லை. அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிழிந்த பக்கத்தில் தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். விரலை எடுக்காமலே சொன்னார்.

"நாளாக ஆக, தின்னுட்டேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

சுற்றறிக்கை தொண்டையைச் செருமிக்கொண்டு, அது முடிந்துபோன விஷயம், அவரே ஒத்துக்கொண்டதும் உண்டு, அது மட்டுமில்லாமல் அன்றைக்கு நீங்கள் கூட என்று என்னைப் பார்த்து இழுத்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. வேறு வாயிலிருந்து அது அண்ணி காதில் விழக் கூடாது. அண்ணி பக்கம் திரும்பி, அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று அந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றாமல் சொன்னேன்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படித்தான் நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். எல்லோரும் நினைத்ததைத்தான் நீயும் நினைத்தாய் என்று விட்டிருப்பார். அந்த வழி திறந்தே இருந்தது.

"இல்ல அண்ணி. நீங்க திங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு அடுப்பு வேணும்னு இருந்துச்சு."

அண்ணி கண்ணாடியை மடித்து மேசைமேல் வைத்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை. பிறகு எழுந்து சுற்றறிக்கைக்கு எதிரில் போய் நின்றார். நான்கு வருஷத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எனக்கு அந்த அடுப்பு வேணும் சார்."

சுற்றறிக்கை என்னைப் பார்த்தார். அது அவங்களுடையதுதான் என்றேன். சொல்லும்போது வலித்தது, பொய் சொல்வானேன். நான்கு வருஷம் ஆண்ட ராஜ்யம்.

வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் பையைச் சோதித்ததுக்கு நான் அவரிடம் பேசாமல் இருக்க வேண்டிய இரண்டு நாளையும் அவரே எடுத்துக்கொண்டார். அதையும் வாங்கிக்கொண்டேன். காலை அளவு கொஞ்சம் ஏறியது, நூற்று முப்பத்தொன்று. மனக்கவலைக்கும் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதிவைத்துவிட்டு, நடையை ஐந்து நிமிஷம் கூட்டினேன். மூன்றாம் நாள் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை அண்ணி கொப்பரைக்கு வந்தார். நான் பழையபடி இடது பக்கம் நின்றேன். வாளித் தண்ணீரை மணிக்கொரு தடவை மாற்றச் சொன்னார், சோப்பைக் குழாயடியில் கயிறு கட்டித் தொங்கவிடச் சொன்னார். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. குளுக்கோஸை நான் அள்ளிப் போட்டேன். பாகு கொதித்து, குமிழ் சிறுத்து, நிறம் திரும்பியது. அண்ணி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, விரலை வாளியில் முக்கி, பாகில் வழித்து, தண்ணீருக்குள் விட்டார். நான்கு வருஷம் இடைவெளி விட்ட கை என்று யாரும் சொல்ல முடியாது. இறுகிய சொட்டை எடுத்து உடைத்தார். பாதியை என்னிடம் நீட்டினார்.

நானும் வளைத்துப் பார்த்தேன். வளையாமல் உடைந்தது.

"சரியா இருக்கு அண்ணி."

"மனசுலேர்ந்துதான் சொல்றியா?"

ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, இன்னொரு தடவை தன் விரலால் பாகு வழித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தார்.